அல்லித்தாங்கலின் முதல் குடம்

என் கணவர் தோத்தாத்ரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கழுத்தில் மாலையோடு, காலனி மொத்தமும் பார்க்கத் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டார். அதைவிடப் பெருமையான காட்சியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இப்படிச் சொன்னால் என் தங்கைகள் சிரிக்கிறார்கள். ஒருத்தியின் கணவர் பாங்க் மேனேஜர், இன்னொருத்தியின் கணவர் டெல்லியில் பெரிய அதிகாரி. இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு தொட்டித் தண்ணீரை, அதுவும் பஞ்ச காலத்தில், தெருவில் திறந்துவிட அவர்களில் எவருக்குத் தைரியம் வரும்?

அது எண்பத்தேழாம் வருஷக் கோடை. பட்டணத்துக்கே தண்ணீர் இல்லை என்கிறபோது ஊருக்கு வெளியே கிடந்த எங்கள் அஸ்தினாபுரத்துக்கு எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டால் அடிப்பாறையில் தட்டும் சத்தம்தான் கேட்கும். தண்ணீர் லாரி வருமென்று வாசலில் நின்றால் வராது. வராதென்று அடுப்படிக்குப் போனால் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அப்போது பார்க்க வேண்டும் எங்கள் காலனிப் பெண்களை. பட்டதாரிகள், டீச்சர்கள், வீணை கற்றவர்கள், எல்லோரும் குடத்தால் குடத்தை இடித்துக்கொண்டு ஓடுவோம். நானும் சளைத்தவள் இல்லை. என் வாய்க்குப் பயந்தே லாரிக்காரர் எனக்கு மட்டும் குடம் தளும்ப விடுவார்.

காலனிக்குக் கிழக்கே அல்லித்தாங்கல் ஏரி. பெயரில்தான் அல்லி. நாங்கள் குடிவந்தபோது ஒரு மூலையில் கொஞ்சம் பூத்துக் கிடந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. அந்தக் கோடையில் ஏரி பாதிக்கு மேல் வற்றியும் கரையோரப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதைக் காலனிக்குக் கொண்டுவர வேண்டுமென்பது என் கணவரின் கனவு. காலனிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பம்மல் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் கெமிஸ்ட். ஐயங்கார்ப் பிள்ளை தோல் கம்பெனிக்குப் போவதா என்று என் மாமனார் ஆறு மாதம் பேசாமல் இருந்தாராம். அவருக்கும் சரி, பிள்ளைக்கும் சரி, பிடிவாதத்துக்குக் குறைச்சல் இல்லை.

சங்கத்தின் செயலாளர் சுந்தரராமன் ஆழ்குழாய்க் கிணறு போடலாம் என்றார். என் கணவர் ஏரிதான் என்றார். பல கூட்டங்கள் சண்டை போட்டு ஏரி ஜெயித்தது. ஏரிக்குள் உறைகிணறு இறக்கி, தண்ணீரை மணல் வடிகட்டி வழியாக ஓடவிட்டு, மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் ஏற்பாடு. காலனியே சேர்ந்து கட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸர்கள் எல்லாம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மணல் சலித்தார்கள்.

எல்லாம் முடியும் சமயத்தில் ஏரி பச்சையாகிவிட்டது.

பாசி என்றால் கல்லில் வழுக்குமே, அது இல்லை. யாரோ பச்சை பெயிண்டைக் கரைத்துக் கொட்டியது போலத் தண்ணீரே பச்சை. காற்று அடித்து ஒதுக்கியதில் மேற்கு மூலையில் ஏடு படிந்து கிடந்தது. வெயில் ஏற ஏற, கெட்டுப்போன கீரை நாற்றம். வடிகட்டியிலிருந்து வந்த தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அந்த நாற்றம் லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. சுந்தரராமன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மூக்கை மட்டும் பொத்திக்கொண்டு எங்கள் வாசல் வழியே போனார். அது போதாதா?

"மயில்துத்தம் போட்டா ரெண்டு நாள்ல பாசி செத்துடும், நாகு. வெளிநாட்டுலகூட ஏரிக்கு இதைத்தான் போடறா" என்றார் இவர். ஏரியின் நீளம், அகலம், ஆழமெல்லாம் அளந்து, இவ்வளவுதான் போடலாம், ஒரு சிட்டிகை கூடக்கூடாது என்று கணக்குப் போட்டார். தன் கணக்கின் மேல் அவருக்குக் கர்வம் உண்டு. எனக்கும் அவர் கணக்கின் மேல் கர்வம் உண்டு.

போடுவதற்கு ஆள் சவுரிமுத்து. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்து ஊர். லாரி டியூபில் உட்கார்ந்துகொண்டு ஏரியில் வலை போடுகிறவர். அவர் மனைவி தனம் வாத்து வளர்த்தாள். காலையில் கரைமேல் ஒரு வெள்ளைப் படையே தனத்துக்கு முன்னால் நடந்து போகும். அந்த வாத்துகளுக்கு நாற்றம் தெரிந்ததோ என்னவோ, பச்சை ஏடு கிடந்த மூலைக்குப் போகாமல் கிழக்குப் பக்கமே மேய்ந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை சவுரிமுத்து மயில்துத்தத்தைக் கோணிப்பையில் கட்டி, டியூபுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே ஏரியைச் சுற்றினார். பை போன வழியெல்லாம் நீலக்கோடு விழுந்து கலைந்தது. காலனியே கரையில் நின்று பார்த்தது. இவர் குடையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மெதுவா, சவுரி! ஒரே இடத்துல நிக்காதே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க வோணா வந்து டியூபுல குந்துங்க. நான் கொடை புடிச்சிக்கினு சொல்றேன்" என்றார் சவுரிமுத்து. கரை மொத்தமும் சிரித்தது. இவரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஏரி கண்ணாடி. அடியில் கிடந்த கிளிஞ்சல்கூடத் தெரிந்தது. நாற்றமும் போன இடம் தெரியவில்லை. அந்தத் தண்ணீரை ஏற்றித் தொட்டியை நிரப்பினார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் இவருக்குக் கை கொடுத்தார்கள். 'தலைவர் தி. தோத்தாத்ரி அவர்களால் குடிநீர் வழங்கல் திறந்து வைக்கப்பட்டது' என்று தேதியோடு செதுக்கிய கல்வெட்டும் அன்றே வந்து தொட்டியின் தூணில் பதிந்தது. நான் இரண்டு தடவை போய்ப் படித்துவிட்டு வந்தேன். எதற்குப் பொய் சொல்ல வேண்டும், மூன்று தடவை.

சனிக்கிழமை விடிந்ததும் தனம் எங்கள் வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் வாத்து, கழுத்து துவண்டு தொங்கியது. பின்னால் சவுரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மாமி, சாரைக் கூப்புடு. பாசி கீறப்போ ஒண்ணும் ஆவல. நேத்துதான் ஏரி பூரா மேஞ்சுச்சு. காலீல பாத்தா நிக்க முடியாம சொழண்டு சொழண்டு வுழுது. பாதிக்கு மேல பூட்ச்சு. இன்னாத்தைக் கலக்குனீங்க?"

"நாந்தான சார் இஸ்துகினு போனேன்" என்றார் சவுரிமுத்து மெதுவாக. "எங்கையால எம் பொஞ்சாதி வாத்தைக் கொன்னுட்டேன்."

"இல்ல சவுரி. நான் போடச் சொன்ன அளவுக்கு வாத்து சாகாது. சாகவே சாகாது" என்றார் இவர். ஆனாலும் உடனே தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை லேபுக்கு ஓடினார். பத்து மணிக்குத் திரும்பி வந்தார். மயில்துத்தத்திலிருந்து வரும் தாமிரம் மிகக் குறைவு, குடிக்கிற தண்ணீருக்கு அனுமதித்த அளவுக்கு எவ்வளவோ கீழே. கணக்கு சரி.

"அப்போ நல்லதாப் போச்சே! வாத்து வேற எதையோ தின்னிருக்கும்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "கணக்கு சரியா இருக்கு, வாத்து செத்துடுத்து. அப்போ எது கொன்னுது, நாகு?" வேறு எவனாவது இருந்தால் கணக்கு சரி என்றதும் சாப்பிட்டுப் படுத்திருப்பான். இவர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏரித் தண்ணீரை மொண்டு என் கையில் கொடுத்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொன்னார். தாம்பரம் போகும்வரை அதைக் குழந்தை மாதிரி மடியில் இடுக்கிக்கொண்டு போனேன்.

தாம்பரத்துப் பழைய கல்லூரியில் ஜெபராஜ் என்று ஒரு தாவரவியல் ஆசிரியர். இவருக்கு ரயில் சிநேகம். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். பிய்ந்த பஞ்சுத் துணுக்குகள் மாதிரி எதுவோ மிதந்தது.

"நீலப்பச்சைப் பாசி மேடம். இதுல சில வகை உடம்புக்குள்ள விஷம் வெச்சிருக்கும். உயிரோட இருக்கிறவரைக்கும் பெரும்பாலும் அது உள்ளேயே இருக்கும். உங்க மணல்ல பாசி மாட்டிக்கும், விஷமும் அதோட நின்னுடும். சார் மயில்துத்தம் போட்டதும் எல்லாம் உடைஞ்சிருக்கு. உள்ள இருந்தது தண்ணியில கரைஞ்சிருக்கும். கரைஞ்சது மணல்ல நிக்காது. கண்ணுக்கும் தெரியாது."

"காய்ச்சினா?" என்றேன்.

"காய்ச்சினாலும் போகாது. ஈரலைத்தான் பிடிக்கும். சின்னக் குழந்தைங்களுக்கு இன்னும் மோசம்."

"நிச்சயமா அந்த வகைதானா, ஜெபராஜ்?" என்றார் இவர்.

"பார்வைக்கு அப்படித்தான் தெரியுது சார். வாத்து செத்ததும் பொருந்துது. ஆனா விஷம் இருக்குன்னு நிரூபிக்க எங்ககிட்ட வசதி இல்ல. வெளியில அனுப்பினா பதில் வர மாசக்கணக்காகும். என்னால சந்தேகம்தான் சொல்ல முடியும்."

தாம்பரத்திலிருந்து திரும்பிய இவர் நேரே சுந்தரராமன் வீட்டுக்குப் போனார். கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். விழாவைத் தள்ளிவைக்கக் கேட்டார். ஒருவர்கூட ஒப்பவில்லை.

"ஏரி வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னது நீங்க. மருந்து போட்டது நீங்க. தாமிரம் இல்லேன்னு டெஸ்ட் பண்ணினதும் நீங்கதான்" என்றார் சுந்தரராமன். "இப்போ யாரோ சந்தேகப்படறார்னு நிறுத்தச் சொல்றேளா? ஜனங்க லாரிக்கு அடிச்சிண்டு சாகறா, சார். நாளைக்குத் திறக்கறோம். உங்க கல்லு, உங்க மாலை. பேசாம வந்து நில்லுங்கோ." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வீட்டிலும் குடம் காலிதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"தெரியாததுக்கா இத்தனை பேரைப் பகைச்சுக்கறேள்? என் கையைப் பாருங்கோ, குடம் தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போயிருக்கு!"

அவர் என் கையைப் பார்த்தார். "நாளைக்கு முதல் குடம் நீதான் பிடிக்கப்போறே. எல்லாருக்கும் தீர்த்தம் கொடுக்கப்போறா. பக்கத்தாத்து ரமா கைக்குழந்தைக்குப் பாலாடையை எடுத்துண்டு வந்து நிப்பா. நிச்சயமில்லாததை அந்தக் குழந்தை வாயில விடுவியா, நாகு?"

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல், மாவிலை, மைக் செட். புரோகித வாத்தியார் வருண ஜபம் செய்தார். ஏரித் தண்ணீர் முதன்முதலாகக் காலனிக்கு வருவது, அதனால் முதல் குடத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, சுமங்கலி ஒருத்தி பிடித்து, அதிலிருந்து எல்லோருக்கும் உள்ளங்கையில் தீர்த்தம் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். தலைவர் மனைவி என்பதால் நான். ஒன்பது கஜம் பட்டு உடுத்தி நின்றேன். சுந்தரராமன் குழாயைத் திறக்க, கைதட்டலோடு குடம் நிரம்பியது. தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

ரமா ஆறு மாதப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். பெயர் வைத்தும் எல்லோரும் அதை 'பேபி' என்றுதான் கூப்பிடுவோம். ரமாவின் கையில் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை. "மாமி, முதல்ல இவளுக்கு ஒரு சொட்டு விடுங்கோ."

அப்போது இவர் மைக்கைப் பிடித்தார்.

"யாரும் இந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம். ஏரி பச்சையா இருந்தப்போ ஆபத்து ஏரியோட இருந்தது. அதைத் தெளிவாக்கறேன்னு சொல்லி நான்தான் குழாய் வரைக்கும் கொண்டுவந்துட்டேன். என் கணக்கு சரி. என் காரியம் தப்பு. இந்தப் பாசியோட குணம் என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம அதைக் கொன்னேன். தனத்தோட வாத்து செத்தது அதனாலதான்னு சந்தேகப்படறேன். நிரூபிக்க என்னால முடியாது. சந்தேகம் இருக்கிறதை உங்க குழந்தைகளுக்குக் கொடுக்கவும் முடியாது."

மாலையைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டியின் அடிக்குப் போய், கழுவிவிடும் வால்வைச் சுழற்றித் திறந்தார். தண்ணீர் தெருவெல்லாம் சீறிக்கொண்டு ஓடியது.

அந்தக் கூச்சலை எப்படிச் சொல்வது! "பைத்தியமா?" என்றார்கள். "தலைவராம் தலைவர்!" என்றார்கள். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பெண்கள் வீட்டுக்கு ஓடிக் குடம், வாளி, அண்டா எல்லாம் கொண்டுவந்து ஓடுகிற தண்ணீரைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். "வேண்டாம், வேண்டாம்மா, கீழே வையுங்கோ" என்று இவர் ஒவ்வொரு குடமாகக் கெஞ்சிக்கொண்டு போனார். யாரும் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ரமா மட்டும் பாலாடையைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடம் என் இடுப்பில். மஞ்சள் குங்குமம் இட்ட குடம். நிறைகுடத்தைச் சுமங்கலி கவிழ்ப்பாளா? கவிழ்த்தேன். என் காலடியில், பட்டுப் புடவை நனைய, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன்.

"ஐயோ, மாமி!" என்று யாரோ அலறினார்கள். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"பாருங்கோடி!" என்றேன். எனக்கு மைக் தேவையில்லை. "லாரிக்கு உங்க எல்லாரையும் இடிச்சுத் தள்ளிண்டு ஓடறவ நான். என் குடத்துலேர்ந்து ஒரு சொட்டு யாராவது எடுத்தா சும்மா விட்டிருக்கேனா? நானே கொட்டறேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்காதா? எங்காத்து மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர். இன்னிக்கு இவர் பேச்சைக் கேளுங்கோ. நாளைக்கு என்னைத் திட்டிக்கலாம்."

ரமா பாலாடையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு குனிந்து, தன் மாமியார் பிடித்து வைத்திருந்த வாளியைச் சாய்த்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி தன் குடத்தைச் சாய்த்தாள். முணுமுணுத்துக்கொண்டும், என்னைச் சபித்துக்கொண்டும், ஒவ்வொன்றாகச் சாய்த்தார்கள். இவர் கழுத்தில் மாலை பிய்ந்து தொங்க, முழங்கால் வரை நனைந்து, தெரு நடுவில் நின்று என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாளே தலைவர் பதவி போயிற்று. சுந்தரராமன் தலைவரானார். தெருவில் பையன்கள் இவரை 'தண்ணிகொட்டி மாமா' என்றார்கள். மறுபடி லாரி, மறுபடி சண்டை, லாரிக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே, "இன்னா மாமி, கொட்றதுக்கா புடிக்கிறதுக்கா?" என்று கேட்பார்.

இவர் ஓய்ந்துவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் கூடை நிறைய வாத்துக் குஞ்சுகளோடு வந்து இறங்கினார். நாமமும் வாத்துக் கூடையுமாக ஓர் ஐயங்கார் பஸ்ஸில் வந்ததை அந்த ரூட்டில் வெகுநாள் பேசிக்கொண்டார்களாம். தனம் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு, "வாத்துக்குச் சோறு வெக்கத் தெரியுமா சார் உனுக்கு? இதுல ரெண்டு குஞ்சு பட்டினி" என்று திட்டினாள். அதோடு கோபம் தீர்ந்தது.

அடுத்து ஜெபராஜோடு கரையைச் சுற்றி வந்து பார்த்தார். பாசிக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தது நாங்கள்தான். காலனியின் குளியல் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாக்கடை எல்லாம் ஒரே கால்வாயாக ஏரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நிறைய சாப்பாடு, அசையாத தண்ணீர், நல்ல வெயில். வளராமல் என்ன செய்யும்? "கொல்லவே வேண்டாம் நாகு, பட்டினி போட்டா போதும்" என்றார். வீட்டுக்கு வீடு போய், தோட்டத்தில் உறிஞ்சு குழி வெட்டிக் கால்வாயை மூடச் சொன்னார். பாதிக் கதவுகள் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் சுந்தரராமனே கடப்பாறையோடு தன் தோட்டத்தில் இறங்கி வெட்ட ஆரம்பித்தார். இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; ஆனால் முதல் குழி அவருடையதுதான். அதன் பிறகு மற்ற தோட்டங்களிலும் மண் விழுந்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிற்று. தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். ஜெபராஜ் வந்து பார்த்துத் தலையசைத்த பிறகு, மாலையும் மைக்கும் இல்லாமல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. கோடையில் பச்சை எட்டிப் பார்த்ததுண்டு. அந்த மாதிரி ஏடு படிந்ததில்லை. மூன்றாம் வருஷம் மூலையில் அல்லி இலை மிதந்தது.

அன்றைய தண்ணீரில் விஷம் இருந்ததா? யாருக்கும் தெரியாது. யாரும் குடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் நிரூபணமும் இல்லை. "ஒண்ணுமே இல்லாததுக்கு என்ன ஆர்ப்பாட்டம் பண்ணினார் உங்காத்துக்காரர்!" என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. என் வாய்க்கு இது அதிசயம்தான்.

கல்வெட்டை எடுத்துவிடலாம் என்று இவர் சொன்னார். நான் விடவில்லை. போன வாரம் ரமாவின் பெண் பேபி, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னோடு அந்தத் தூணருகில் நின்றாள். இப்போது ஏழாம் வகுப்பு, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். கல்லைப் படித்துவிட்டு, "மாமி, இந்தத் தேதியிலயா மாமா தண்ணி கொடுத்தார்?" என்று கேட்டாள்.

"இல்லடி" என்றேன். "அன்னிக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கலை. அதுக்குத்தான் அந்தக் கல்லு."